கண்டெடுத்த இடம்

தேயிலை டப்பாவில் கொண்டுவந்தார் எர்மோகெனஸ் போர்தோனெஸ்.
செய்தித்தாள், அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள்
கத்தரிப்பூ நிறத்தில் கட்டைவிரல் பருமன் கல்.
"செம்பு இருக்கா?" என்றார். உட்காரவில்லை.
கோபியாப்போவில் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.

செம்பு இல்லை.
நகத்தால் கீறினேன்: தடம் பட்டும் படாமல்.
வெள்ளைப் பீங்கானில் இழுத்தேன்: விழுந்ததும் வெள்ளை.
நிறமெல்லாம் மேலுக்குத்தான்.
பிறகு, ஆய்வகச் சுவரில் கூடாதென்று எழுதியிருப்பதைச் செய்தேன்,
ஒரு துகளை நாக்கு நுனியில் வைத்தேன்.
துவர்ப்பு. மாதுளந்தோலைக் கடித்த மாதிரி
வாய் முழுக்கச் சுருங்கிக்கொண்டது.

சல்ஃபேட் குடும்பம், நீரேறிய கிளை.
அன்னபேதிக்கு ஒன்றுவிட்ட தங்கை,
படிகாரத்துக்குத் தூரத்து உறவு.
மூன்று இரும்புக்கு ஒரு அலுமினியம்;
அந்த ஒன்றை நெடுங்காலம் கலப்படம் என்றே
தள்ளிவைத்திருந்தார்கள்.
அது இல்லாமல் வீடு நிற்காதென்று
தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டார்கள்.
பெயர் கோகிம்பைட்டு.
கோகிம்போ தெற்கே எங்கோ இருக்கிறது.
ஒரு காலத்தில் இந்த மலையும் அந்த மாகாணம்;
எல்லையை மாற்றி வரைந்தார்கள்,
கல் பழைய விலாசத்தை விடவில்லை.

சோதனைக் குழாயில் ஒரு துணுக்கைச் சூடு காட்டினேன்.
குழாயின் கழுத்தில் பனித்தது, திரண்டது, வழிந்தது.
செவ்வாய்தோறும் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்பவர்
அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டார்.
"கிலோவுக்கு எவ்வளவு வரும்?"
"ஒன்றரைக் கோப்பை. குடிக்க முடியாது, புளிக்கும்."
"அப்போ இத்தனை வருஷம் தண்ணிக்குள்ளயா தோண்டிட்டிருந்தேன்?"

கல்லுக்குள் ஈரம் என்று ஆறுதலுக்குச் சொல்வார்கள்.
இது தராசு சொன்னது: நூறில் முப்பதுக்குக் கொஞ்சம் குறைவு.
பதினெட்டு நீர் மூலக்கூறு.
பன்னிரண்டு உலோகத்தைப் பற்றியவை.
மிச்சம் ஆறு எந்த உலோகத்துக்கும் சொந்தமில்லை,
இடுக்கில் அண்டை அயலைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன,
வாடகை ஒப்பந்தம் இல்லாத குடித்தனக்காரர்கள் போல.
இவ்வளவு நீர் வைத்திருந்தும்
நீர் பட்டால் கரைந்துவிடும்.
மழை மறந்த ஊரில்தான் இதற்குப் பிழைப்பு.

அட்டையில் எழுதினேன்.
கடினம் இரண்டரை. அடர்த்தி இரண்டு சொச்சம். அறுகோணப் பட்டகம்.
கண்டெடுத்த இடம்?
"லா போர்ஃபியாதா" என்றார். பிடிவாதக்காரி.
எந்தப் பதிவேட்டிலும் இல்லாத குழி.
மாமியார் நினைவாக வைத்த பெயராம்.
விலை போகாது என்றதும் கல்லை என்னிடமே விட்டுவிட்டு
டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

மார்ச்சில் பெய்தது.
இரண்டே நாள்.
வறண்டு கிடந்த ஓடைக்குத் தான் ஆறென்று ஞாபகம் வந்தது.
சேறு தபால் நிலையத்துக்குள் நுழைந்து
கவுன்டர் உயரத்தில் நின்றது.
எங்கள் இழுப்பறைகள் மாடியில்.

மே மாதம் வந்தார்,
நிவாரணத்தில் கிடைத்த, ஒரு அளவு பெரிய பூட்ஸில்.
"பீர் நிறத்துல வடிஞ்சு போச்சு" என்றார்.
"வாய் எதுன்னே தெரியல. வீடு எதுன்னும்."
கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.
"அந்தக் கல்லு இருக்கா?"

மூடியிட்ட சீசாவில், ஈரம் உறிஞ்சும் மணிகளோடு இருந்தது.
அவர் கல்லைப் பார்க்கவில்லை.
அட்டையை எடுத்து, விரல் வைத்து,
எழுத்தெழுத்தாய் வாசித்தார். லா. போர். ஃபியா. தா.
அந்த வரியை மறுபடியும்.
பிறகு, "மூடியைத் திறக்கலாமா?"

திறக்கக் கூடாது. மேகமூட்டமான நாள்,
காற்றில் இருக்கும் ஈரமே அதன் முகத்தை மங்கவைக்கும்.
திறந்தேன்.
"மூச்சை அடக்கிக்கோங்க" என்றேன்.

அடக்கிக்கொண்டார். நானும்.
கீழே தெருவில் யாரோ இன்னும்
சேற்றை வாரிக்கொண்டிருந்தார்கள்.